திருத்தும் நிமிடங்களின் கணக்கு

பார்ம்.டி என்ற ஆறாண்டு மருந்தியல் படிப்பின் வகுப்பு ஒன்றில் 30 பேர் சேரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பார்மகோதெரப்யூட்டிக்ஸ் பாடம் மூன்று தாள்களாக வருகிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மாணவர் குறைந்தது 20 நோயாளிகளின் விவரத்தை வார்டில் திரட்டி, எழுதி, வகுப்பில் பேச வேண்டும் என்கிறது பாடத்திட்டம். ஒரு வகுப்புக்கு 30 × 20 = 600. மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,800 குறிப்புகள். ஒன்றைப் படித்து, கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு, தவறைச் சுழித்து, எழுதியவரைக் கூப்பிட்டுச் சொல்ல 20 நிமிடம் என்று வைப்போம். 36,000 நிமிடம். அதாவது 600 மணி நேரம்.

இந்த 600 மணி நேரமும் பெரும்பாலும் ஒரே மனிதரின் தலையில் விழுகிறது. வார்டில் அவர் கிளினிக்கல் பார்மசிஸ்ட், கல்லூரியில் மாணவர் பயிற்சி ஒருங்கிணைப்பாளர். காலையில் டாக்டரோடு ரவுண்ட்ஸ் போவார். மருந்தின் அளவு, ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகள், சிறுநீரகத்துக்கு ஏற்ற மாற்றம் எல்லாவற்றையும் பார்ப்பார். கூடவே மாணவர்கள் வருவார்கள். காவிரி டெல்டாவில் இந்த இரட்டை வேலைக்கு என்ன செலவாகிறது, பதிலுக்கு என்ன வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. விதிகளில் இருக்கும் எண்கள் விதிப்படியே தரப்படுகின்றன. நிமிடக் கணக்கு மட்டும் அனுமானம். அதை அந்தந்த இடத்தில் சொல்லியே செய்கிறேன்.

விதி எண்ணுவது

மருந்தாளுநர் மருந்துக் கிடங்கை விட்டு வார்டுக்குள் வந்தது அண்மைக் காலக் கதை. 1966-இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், 9-ஆவது மாடியில் ஒரு சோதனையாக அது தொடங்கியது. இந்தியாவில் 1990-களின் பிற்பகுதியில் மைசூரு, உதகை ஜே.எஸ்.எஸ். கல்லூரிகளில் பார்மசி பிராக்டிஸ் முதுகலைப் படிப்பாக வேர் பிடித்தது. இந்திய மருந்தியல் கவுன்சில் 2008-இல் பார்ம்.டி விதிகளைக் கொண்டுவந்தது. டெல்டாவின் கொள்ளிடக் கரைப் பக்கம் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறை இந்தப் படிப்பை நடத்துகிறது. முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்ற பெயரில் இருந்த அரசு மருத்துவமனை அதே வளாகத்தில் இருக்கிறது.

2008 விதிகளின் முக்கிய எண்கள்:

– படிப்புக் காலம்: 6 ஆண்டு. 5 ஆண்டு பாடம், 1 ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி.
– சேர்க்கை: 30. பி.பார்ம் முடித்து நான்காம் ஆண்டில் சேர்பவர்களுக்குத் தனியாக 10.
– பயிற்சி மருத்துவமனை: குறைந்தது 300 படுக்கை.
– மருத்துவமனைக்குள் துறைக்கான இடம்: மாணவருக்கு 30 சதுர அடி.
– வருகை: 80 சதவீதம்.
– உள்ளிருப்புப் பயிற்சி: பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று துறைகளில் தலா 2 மாதம்.

இதிலிருந்தே சில கூட்டல்கள் கிடைக்கும். ஆறு ஆண்டும் நிரம்பினால் 30 × 6 = 180 பேர். கடைசி மூன்று ஆண்டுகளில் கூடுதலாகச் சேரும் 10 பேரையும் கூட்டினால் 210. இடம் 210 × 30 = 6,300 சதுர அடி. கூடுதல் 10 பேரை விட்டு, உள்ளிருப்பில் இருக்கும் 30 பேரைச் சீராகப் பிரித்தால், எந்த நாளிலும் பொது மருத்துவத்தில் 15 பேர், மற்ற மூன்று துறைகளில் ஐந்தைந்து பேர்.

டிப்ளமோ மாணவரின் கணக்கு வேறு. டி.பார்ம் முடிப்பவருக்கு 3 மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி வேண்டும். 1991 விதிகள் அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதில் போக வேண்டும் என்றன. டி.பார்ம் மாணவரைக் கவுன்ட்டர் பழக்குகிறது, பார்ம்.டி மாணவரை நோயாளியின் கட்டில். கவுன்ட்டரில் தவறு நடந்தால் அந்தச் சீட்டிலேயே தெரிந்துவிடும். கட்டிலருகே நடக்கும் தவறு தெரிய வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வார்டின் மூன்று கணக்குகள்

நெல் வயல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கண்ணாடி விரியன் கடியில் உடலுக்குள் இறங்கும் நஞ்சு சராசரியாக 63 மில்லிகிராம், 7 கூடலாம், குறையலாம். இந்தியாவில் கிடைக்கும் பன்முக நஞ்சுமுறி மருந்து 1 மில்லி, இந்த நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி. 10 குப்பி 100 மில்லி. முறிப்பது 60 மில்லிகிராம். முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி என்று சிகிச்சை நெறிமுறை சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்தான். இந்த மருந்து செய்யத் தேவையான நஞ்சை 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது.

மாணவர் இடறும் இடம் இங்கே ஒன்று உண்டு. குழந்தை என்றால் எடைக்கு ஏற்ப மருந்தைக் குறை என்று நான்கு ஆண்டு படித்துப் பழகியவர், 15 கிலோ குழந்தைக்கு 3 குப்பி போதும் என்று எழுதிவிடுவார். பாம்பு எடை பார்த்துக் கடிப்பதில்லை. பெரியவருக்கு இறக்கும் அதே நஞ்சைத்தான் குழந்தைக்கும் இறக்கும், ஆகவே குப்பிக் கணக்கு மாறாது. ஆனால் நஞ்சுமுறி ஒவ்வாமல் போனால் தசையில் போடும் அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அங்கே எடைதான் கணக்கு: 15 கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். ஒரே கட்டில், ஒரே குழந்தை. ஒரு மருந்துக்கு எடை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. புத்தகத்தில் இவை இரண்டும் வெவ்வேறு அத்தியாயத்தில் கிடக்கும். சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது வார்டில் நிற்பவரின் வேலை.

இரண்டாவது கணக்கு, ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நஞ்சு. மாற்று மருந்து அட்ரோபின். ஒரு ஆம்பியூலில் 0.6 மில்லிகிராம். 1.8 மில்லிகிராமில் தொடங்கி, நெஞ்சில் கரகரப்பு நீங்கி இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் நிமிரும் வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்க வேண்டும்.

– முதல் ஊசி: 3 ஆம்பியூல்
– 5-ஆவது நிமிடம்: 6
– 10-ஆவது நிமிடம்: 12
– 15-ஆவது நிமிடம்: 24
– மொத்தம்: 45 ஆம்பியூல், 27 மில்லிகிராம்

இந்த நான்காவது ஊசியில் நோயாளி நிலைக்கு வந்துவிட்டார் என்று வைப்போம். அதற்குப் பிறகு, கொடுத்த மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் மணிக்கு மணி டிரிப்ஸில் ஓட வேண்டும். மணிக்கு 2.7 முதல் 5.4 மில்லிகிராம். ஒரு நாளுக்கு 108 முதல் 216 ஆம்பியூல். ஒரே ஒரு நோயாளிக்கு இவ்வளவு. இரவுப் பணியில் வார்டு அலமாரியில் 50 ஆம்பியூல்தான் இருக்கிறது என்றால் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கை மாணவரைப் போடச் சொல்ல வேண்டும். முதல் கால் மணி நேரத்திலேயே 45 போய்விடும். மீதி 5, ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம். சரக்கு எண்ணுவது ஸ்டோர் வேலை என்று நினைத்து வந்தவருக்கு அது சிகிச்சையின் பாதி என்பது இங்கே புரியும்.

மூன்றாவது, சிறுநீரகக் கணக்கு. கணக்குக்காக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். ஒரத்தநாட்டுப் பக்கம், வயது 68, எடை 52 கிலோ. கடும் தொற்றோடு வந்திருக்கிறார். மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம், 8 மணிக்கு ஒருமுறை, 7 நாள் என்று எழுதப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் 1.9. மாணவி பழைய மருந்துகளை விசாரிக்கிறார்.

"தாத்தா, மூட்டு வலிக்கு மெடிக்கல்ல ஏதாவது வாங்கிப் போட்டீங்களா?"

"போட்டேம்மா. நாத்துப் பறிக்கிற சமயம் ரெண்டு வேளையும் போட்டாத்தான் குனிய முடியுது."

"எத்தனை நாளா?"

"நாளை எங்கம்மா எண்ணுறது? வலி நிக்கிற மட்டும்."

கேஸ் ஷீட்டில் இல்லாத வலி மாத்திரை இப்போது குறிப்பில் ஏறுகிறது. மாணவி 1976-இல் வெளிவந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைப் போடுகிறார். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். 72 × 52 ÷ (72 × 1.9) = நிமிடத்துக்கு 27.4 மில்லி. 26 முதல் 50 வரை என்றால் மெரோபெனம் 12 மணிக்கு ஒருமுறை போதும். நாளுக்கு 3 குப்பி 2 ஆகிறது. 7 நாளில் 21 குப்பி 14. மிச்சம் 7 குப்பி என்று எழுதிக்கொண்டு வருகிறார்.

திருத்துபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த 1.9 நிற்கும் எண்ணா, ஓடும் எண்ணா? வலி மாத்திரையை நிறுத்தி, உடம்பில் நீர் ஏற்றி, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கிரியாட்டினின் 0.9 என்று வரலாம். அப்போது கணக்கு 52 ÷ 0.9 = 57.8. ஐம்பதைத் தாண்டிவிட்டது; மறுபடி 8 மணிக்கு ஒருமுறைதான். முதல் 2 நாள் இரண்டிரண்டு, அடுத்த 5 நாள் மும்மூன்று: 4 + 15 = 19 குப்பி. மிச்சம் 7 அல்ல, 2. கடும் தொற்றின் முதல் நாளிலேயே அளவைக் குறைக்க அவசரப்படலாமா என்ற கேள்வியையும் டாக்டரோடு பேசினால் அந்த 2 கூட மிஞ்சாமல் போகலாம்.

கிளினிக்கல் பார்மசிஸ்டின் பயனை மிச்சமான ரூபாயில் காட்டும் பழக்கம் மருத்துவமனை நிர்வாகங்களிடம் உண்டு. இந்தக் கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. திருத்தப்படாத குறிப்பு 7 குப்பியை மிச்சம் பிடித்து, நோயாளிக்கு வேண்டிய மருந்தில் கை வைத்திருக்கும். திருத்தப்பட்ட குறிப்பின் மிச்சம் குறைவு. ரூபாய்ப் பத்தியில் முதல்தான் லாபமாகத் தெரியும்.

ரூபாயும் சிப்பமும்

அரசு மருத்துவமனையில் நோயாளி மருந்துக்குப் பணம் கொடுப்பதில்லை. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக வாங்கிக் கிடங்குகள் வழியே அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். எடுத்த மருந்தின் விலை அதில் கழியும். நோயாளிக்கு இலவசம் என்பதால் செலவே இல்லை என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. வீணாகக் கரைத்த ஒவ்வொரு குப்பியும் பாஸ்புக்கில் இன்னொருவரின் மருந்து.

டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வாங்கும்போது கணக்கு குடும்பத்துக்கு மாறுகிறது. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் 2022-இல் 384 மருந்துகள் இடம்பெற்றன. இவற்றின் உச்ச விலையை மொத்த விலைக் குறியீட்டுக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஏப்ரலில் உயர்த்த அனுமதி உண்டு. 2022-இல் 10.77 சதவீதம், 2023-இல் 12.12, 2024-இல் 0.006-க்கும் குறைவு, 2025-இல் 1.74. இந்த நான்கை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 100 ரூபாய் 126 ரூபாய் 36 காசு ஆகிறது.

டெல்டாக் குடும்பத்துக்கு இதை நெல்லில் சொன்னால் சட்டென்று புரியும். 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்று சரியாக 1,000 ரூபாய். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மாத்திரைகளுக்கு ஒருவர் மாதம் 1,500 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைப்போம். ஆண்டுக்கு 18,000 ரூபாய், 18 சிப்பம், 720 கிலோ நெல். ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்ததாக வைத்தால் 60 சிப்பம். உரம், கூலி, அறுவடை இயந்திர வாடகை எதையும் கழிக்கும் முன்பே பத்தில் மூன்று பங்கு மருந்துக்குப் போய்விடும். சம்பா அறுத்துப் பணம் கைக்கு வருவது தை, மாசியில். புரட்டாசி, ஐப்பசியில் கை வறண்டிருக்கும். இரண்டு வேளை மாத்திரை ஒரு வேளையாவது அப்போதுதான்.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆலோசனையில் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, மருந்தை எங்கே வாங்குவீர்கள் என்பது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 பிப்ரவரி 24-இல் மலிவு விலையில் மருந்து விற்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இரண்டையும் நோயாளியின் ஊரோடு பொருத்திச் சொல்ல 5 நிமிடம் ஆகும். அந்த 5 நிமிடத்தில் 18 சிப்பத்தில் எத்தனை வீட்டிலேயே தங்கும் என்பதை மாணவர் தன் குறிப்பில் எழுதட்டும். 2015 ஜனவரியில் வந்த மருந்தக நடைமுறை விதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமை என்றே எழுதியிருக்கின்றன.

காவிரி வைக்கும் கால அட்டவணை

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவை, சம்பா என்று வயல் நனைய நனைய நோய்களின் முகம் மாறும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் கூடும். இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் உதவும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. வார்டில் பார்த்தவருக்குத்தான், உடம்பில் உண்ணிக்காய்ச்சலின் கறுப்புப் பொருக்கைத் தேடும் பழக்கம் வரும்.

உள்ளிருப்பு மாணவர்கள் 30 பேரை இரண்டாகப் பிரித்து, முதல் 15 பேருக்கு ஜூன் முதல் நவம்பர் வரை பொது மருத்துவம், அடுத்த 15 பேருக்கு டிசம்பர் முதல் மே வரை என்று போட்டால் நிர்வாகத்துக்கு வேலை சுலபம். ஆனால் இரண்டாம் அணி மழைக்காலத்தின் பெரும்பகுதியைப் பொது மருத்துவ வார்டில் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடும். ஆண்டை 2 மாதங்களாக 6 துண்டாக்கி, இரு அணிகளையும் மாற்றி மாற்றி அனுப்பலாம். முதல் அணிக்கு ஜூன்-ஜூலை, அக்டோபர்-நவம்பர், பிப்ரவரி-மார்ச். இரண்டாம் அணிக்கு ஆகஸ்ட்-செப்டம்பர், டிசம்பர்-ஜனவரி, ஏப்ரல்-மே. ஆளுக்கு மொத்தம் 6 மாதமே. இரண்டு அணியும் மழையையும் வெயிலையும் பார்க்கும். விலை என்னவென்றால், 1 முறை நடந்த இடமாற்றம் 5 முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் வார்டுச் சகோதரிகளுக்குப் புது முகங்களை அறிமுகம் செய்வது ஒருங்கிணைப்பாளர்தான்.

எழுதி வைப்பதன் கணக்கு

தஞ்சைக்குக் கேஸ் ஷீட் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். அங்கே சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளின் விவரமும் சிகிச்சையும் கண்ணின் ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

இன்றைய மாணவர் நிரப்ப வேண்டிய படிவங்களில் முக்கியமானது, மருந்தின் பக்கவிளைவு அறிக்கை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் தொடங்கி, 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கிறது. நோயாளியின் பெயர் முதலெழுத்து, வயது, பக்கவிளைவு, அது தொடங்கிய தேதி, சந்தேகப்படும் மருந்து, அறிக்கை தருபவர் விவரம் இல்லாமல் படிவம் செல்லாது. அந்த மருந்துதான் காரணமா என்று பார்க்க 1981-இல் வந்த நராஞ்சோ அளவுகோல் இருக்கிறது. 10 கேள்வி. 9 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தால் உறுதி. 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை இருக்கலாம். தேதி ஒன்றைப் பிழையாக எழுதினாலே மதிப்பெண் புரண்டுவிடும். மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. அந்தப் பெரிய எண்ணின் எதிர்ப்பக்கம் இப்படித் தேதி சரிபார்க்கும் சின்ன வேலைகளால்தான் நிரம்ப வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

இப்போது மொத்தத்தைப் போடலாம். ஒரு பயிற்சி ஆசிரியருக்கு ஆண்டில் 280 வேலை நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று வைத்தால் 1,960 மணி நேரம்.

– 1,800 கேஸ் குறிப்பு, 20 நிமிடம் வீதம்: 600 மணி
– மூன்று தாளுக்கும் தலா 3 கட்டுரைகள், 30 பேர், ஆக 270. 15 நிமிடம் வீதம்: 67.5 மணி
– ஐந்தாம் ஆண்டு ஆறு மாத ஆய்வுத் திட்டம்: 5 பேர் வீதம் 6 குழு, வாரம் 1 மணி, 26 வாரம்: 156 மணி
– உள்ளிருப்பு மாணவர் 30 பேரோடு நாளுக்கு 5 நிமிடம் வீதம்: 700 மணி
– மொத்தம்: 1,523.5 மணி

நான்காம் ஆண்டில் வந்து சேரும் 10 பேரை இதில் சேர்க்கவில்லை. 1,960-இல் 78 சதவீதம் போய்விட்டது. மிச்சம் 436.5 மணி. நாளுக்குச் சுமார் 94 நிமிடம். அதற்குள் ரவுண்ட்ஸ், டாக்டரோடு பேச்சு, அட்ரோபின் இருப்பு, அந்த 0.9 கிரியாட்டினின் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எனவே ஏதோ ஒன்று சுருங்கும். ரவுண்ட்ஸ் தவறினால் வார்டில் எல்லோருக்கும் தெரியும். 20 நிமிடத் திருத்தம் 4 நிமிடமானால் யாருக்கும் தெரியாது. சுருங்குவது அதுதான். 15 கிலோ குழந்தைக்கு 3 குப்பி என்ற வரி கையெழுத்தோடு பதிவேட்டுக்குள் போவது அந்த 4 நிமிடத்தில்தான்.

ஒரு பயிற்சி ஆசிரியர் தன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மாணவருக்கும் இரண்டு பங்கை நோயாளிக்கும் தர வேண்டும் என்று வைத்தால், மாணவருக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 650 மணி. 1,523.5-ஐ 650-ஆல் வகுத்தால் 2.3. 30 பேர் சேரும் கல்லூரிக்கு வார்டில் நிற்கும் ஆசிரியர்கள் குறைந்தது 3 பேர் வேண்டும், திருத்துவதற்கும் வழிநடத்துவதற்கும் மட்டும். பாடம் நடத்துவது தனி.

படுக்கையும் சதுர அடியும் ஆய்வுக்கு வருபவர் ஒரு காலைப் பொழுதில் எண்ணிவிடக் கூடியவை. திருத்தும் நிமிடத்தை எண்ணுவதும் கடினமில்லை. ஒவ்வொரு கேஸ் குறிப்பின் அடியிலும் இரண்டு கட்டம் போதும்: திருத்த எடுத்த நேரம், திருத்தியதால் மாறிய முடிவு. ஆண்டு முடிவில் முதல் கட்டத்தின் கூட்டுத்தொகை 600 மணியா 120 மணியா என்று தெரிந்துவிடும். 120 என்று வந்தால் அடுத்த ஆண்டு ஓர் ஆசிரியரைக் கூட்ட வேண்டும், அல்லது 30 இடத்தைக் குறைக்க வேண்டும். இரண்டையும் செய்யாத கல்லூரி, சரிபார்க்காத 1,800 குறிப்புகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.